புல்லுக்கு விட்ட தண்ணீர்

எங்கள் வீட்டுக்காரம்மா தன் கண்ணால் பார்க்காத எதையும் நம்ப மாட்டார். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் பாம்பு விழுந்துவிட்டது என்று தெருவே கூடி நின்றபோது, எல்லாரையும் விலக்கிவிட்டு மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தவர் அவர். பாம்புதான். "ஆமா, இருக்கு" என்று சொல்லிவிட்டு மூடியை மெதுவாக இருந்த இடத்தில் வைத்தார். அதற்குப் பிறகுதான் ஆளைக் கூப்பிட்டு வரச் சொன்னார். பாலில் தண்ணீர் கலப்பதில்லை என்று பால்காரர் சத்தியம் செய்தால் மறுநாள் காலையில் அவருடைய மாட்டுக் கொட்டகையில் போய் நிற்பார். சந்தேகம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. பார்த்துவிட்டால் அவருக்கு நிம்மதி, அவ்வளவுதான்.

பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று ஊர் முழுக்கக் கோயில் வாசலில் திரண்ட நாளில் நான் நிறைமாதமாக இருந்தேன். வீட்டிலிருந்து ஒரு ஸ்பூனும் சின்னச் சொம்பில் பாலும் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப்போனார். வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தது. ஸ்பூனைத் தும்பிக்கையில் சாய்த்துப் பிடித்தார். பால் குறைந்துகொண்டே போய்க் காலியானது. பின்னால் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர் மட்டும் குனிந்து, பிள்ளையாரின் தொப்பைக்குக் கீழே விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். பூசாரி முறைத்ததை அவர் கவனிக்கவில்லை. வெளியே வந்து புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டே, "குடிக்கல. வழியுது" என்றார்.

லிங்கராஜபுரம் தாண்டி, ஏரியைப் பார்த்து இறங்குகிற சரிவில் இருந்தது அந்த வீடு. அவருடைய மாமனார் மைசூர் சர்க்காரில் உத்தியோகம் பார்த்த காலத்தில் கட்டியது. அவர்கள் பல தலைமுறையாகப் பெங்களூரில் இருந்த தமிழ்க் குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். நாங்கள் அவரைப் பார்த்த நாளிலிருந்தே அவர் தனியாள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் அமெரிக்காவில். மேட்டில் பெரிய வீடு, அதற்கு முன்னால் புல்தரை. புல்தரையின் ஓரமாகக் கல் பதித்த பாதையில் கீழே இறங்கி வந்தால் அவுட்ஹவுஸ். அதில்தான் நானும் என் கணவரும் குடியிருந்தோம். எங்கள் கதவுக்கு எதிரே, மனையின் பள்ளமான மூலையில், மாமனார் வெட்டின கிணறு. கார்ப்பரேஷன் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மேல்வீட்டுத் தொட்டிக்கு ஏறும். எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர். அதைப் பற்றி எங்களுக்குக் குறையே இருந்ததில்லை. கண்ணாடி மாதிரி இருக்கும், ருசியாகவும் இருக்கும்.

நாங்கள் குடிவந்த வருஷமே காவிரிக் கலவரம் வந்தது. தொண்ணூற்றொன்றாம் வருஷம், டிசம்பர். என் கணவர் அடுகோடியில் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். அன்றைக்கு எப்படியோ வீடு வந்து சேர்ந்துவிட்டார். தெருமுனையில் ஆட்கள் வருகிறார்கள் என்று யாரோ போனில் சொன்னார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு உட்காரும்படி வீட்டுக்காரம்மா எங்களிடம் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ வாசல் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். நம்ம தெருப் பையன்கள் அப்படிச் செய்வார்களா, பார்த்தால்தான் தெரியும் என்றார். கையில் கட்டையோடு வந்தவர்களில் பாதிப் பேர் அவருக்குத் தெரிந்தவர்கள். இங்கே தமிழ்க் குடும்பம் இருக்கிறதாமே என்று ஒருவன் கன்னடத்தில் கேட்டான்.

"இருக்குது. நானும் தமிழ்தான். உன் அப்பா பேர் என்ன?" என்று அவரும் கன்னடத்திலேயே கேட்டார்.

அவன் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவனைக் கேட்டார். அடுத்தவனைக் கேட்டார். ஒவ்வொருவன் முகத்தையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டே போனார். பின்னால் இருந்தவர்கள் முதலில் நகர்ந்தார்கள். சற்று நேரத்தில் தெரு காலியானது. பிறகுதான் அவர் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். அன்றிலிருந்து அவரிடம் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வந்ததில்லை.

அவருக்கு உயிர் அந்தப் புல்தரைதான். ஜனவரியில் நடக்கிற தோட்டப் போட்டியில் வருஷம் தவறாமல் கலந்துகொள்வார். கூடத்து அலமாரியில் கோப்பைகள் வரிசையாக இருக்கும். மழை நின்று பனி தொடங்கியதும் வேலை ஆரம்பமாகிவிடும். போர்வெல் மோட்டாரைப் போட்டு, குழாயைப் புல்லில் கிடத்திவிட்டுப் போனால், காலையிலும் மாலையிலும் தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடும். போட்டி நெருங்க நெருங்க யூரியாவைக் கை நிறைய அள்ளி விசிறுவார். ஒரு இடம் லேசாக வெளுத்தாலும் பொறுக்க மாட்டார், அங்கே இன்னொரு பிடி விழும். சரிவான நிலம், அடியில் இறுகிய செம்மண். புல் குடித்தது போக மிச்சம் கல்பாதையில் இறங்கி, எங்கள் சுவரை ஒட்டி வந்து, கிணற்றடியில் தேங்கி நிற்கும். கிணற்று மேடையில் சிமெண்ட் பெயர்ந்து ஒரு விரிசல் இருந்தது. தேங்கின தண்ணீரில் கொஞ்சம் அதற்குள் இறங்கும். மீதி பின்சுவர்த் துளை வழியாகத் தெருவோர வடிகாலான மோரியில் விழும். தினமும் இதைத் தாண்டித்தான் நான் போய் வந்தேன். மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர் என்றுதான் நினைத்தேன்.

பிள்ளையார் பால் குடித்த அந்த வருஷம் அக்டோபரில் பாப்பா பிறந்தாள். எனக்குப் பால் போதவில்லை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலை, மூன்று மாதத்துக்கு மேல் லீவு கிடையாது. பால் பவுடர் பழக்கினோம். தண்ணீர் விஷயத்தில் நான் ரொம்ப எச்சரிக்கையாக இருந்தேன். கிணற்றிலிருந்து எடுத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, நன்றாகச் சுண்டுகிற அளவுக்குக் கொதிக்க வைப்பேன். நான் வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது என்று தவித்தபோது, வீட்டுக்காரம்மாவே கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் மடியில் அவள் அழுததே இல்லை.

வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின வாரம், குளிப்பாட்டித் துவட்டும்போது பாப்பாவின் உதடு சாம்பல் பூத்த மாதிரி இருந்ததைப் பார்த்தேன். குளிர் என்று நினைத்துப் போர்த்தினேன். போர்த்தியும் மாறவில்லை. விரல் நுனிகளும் அப்படியே இருந்தன. ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா தமிழ்க்காரர். ரத்தம் எடுத்து வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். சாக்லேட் நிறமாக இருந்தது, காற்றுப் பட்டும் சிவக்கவில்லை. நெஞ்சில் கோளாறு இல்லை என்றார். பிறகு எந்தத் தண்ணீரில் பால் கலக்கிறாய் என்று கேட்டார். நான் கொதிக்க வைப்பதைப் பெருமையாகச் சொன்னேன்.

"கொதிக்க வெச்சா கிருமி சாகும்மா. இது கிருமி இல்ல. தண்ணி சுண்டச் சுண்ட இது இன்னும் கெட்டியாத்தான் ஆகும்" என்றார்.

கிணற்றுக்குப் பக்கத்தில் கக்கூஸ் தொட்டி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, அது இன்னும் கீழே, வேறு மூலையில் என்றேன். உரம் போடுகிற தோட்டம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, கிணற்றுக்கு மேலேயே என்றேன். உரத்தில் இருக்கிற உப்பு தண்ணீரோடு இறங்கினால் நிறமும் இருக்காது, வாசனையும் இருக்காது, பெரியவர்கள் தாங்கிக்கொள்வார்கள், கைக்குழந்தை ரத்தத்தில் அது காற்றைச் சேர விடாது என்று விளக்கினார். வேறு தண்ணீருக்கு மாற்றினால் தானாகச் சரியாகும், இன்னொரு முறை வந்தால் ஆபத்து என்று எச்சரித்து அனுப்பினார்.

கலவரத்தன்று எங்களுக்காக வாசலில் நின்றவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். சொன்னேன். அவர் கோபப்படவில்லை. என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு வந்து, ஒரு வாளி இறைத்து, கண்ணாடி டம்ளரில் மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்தார்.

"இதுல என்ன இருக்குது? காட்டு" என்றார்.

காட்ட ஒன்றும் இல்லை. தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே டம்ளரைக் காலி செய்தார். மறுநாள் காலையில் குழாயைப் புல்லில் போட்டுவிட்டுக் கீழே வந்தார். இறைத்தார், குடித்தார், டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் போனார். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். எங்கள் கதவு திறக்கும்வரை காத்திருந்து குடித்தார். அவர் நன்றாகவே இருந்தார். முகம்கூடப் பளிச்சென்று இருந்தது.

என் கணவர் ஜோகுபாளையத்தில் என் அம்மா வீட்டுக் குழாயிலிருந்து கேனில் தண்ணீர் பிடித்து டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு நாள் கேனை இறக்கி வைக்கும்போது, "அந்தம்மா தினமும் குடிக்கிறாங்களே, டாக்டர் சொல்றது சரியா இருக்குமா?" என்று கேட்டார். பாப்பாவின் உதடு சிவந்துவிட்டது என்பது ஒன்றுதான் என் கையில் இருந்த சாட்சி. அதுகூட, குளிர் குறைந்ததால் என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டால் போயிற்று.

நான் வேலைக்குத் திரும்பினேன். குழந்தையை விட வேறு இடம் இல்லை, அம்மாவும் வீட்டுவேலைக்குப் போகிறவள். கேனையும் பால் பவுடரையும் மேல்வீட்டில் கொண்டுபோய் வைத்து, இந்தத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். கேனைப் பார்த்தார். "வெச்சுட்டுப் போ" என்றார். வேலையில் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போதெல்லாம் அந்த இரண்டு வார்த்தைகள் என்னவோ செய்துகொண்டே இருந்தன.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் மதியம் கரண்ட் போய் லைன் நின்றுவிட்டது. சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். கேட்டைத் திறந்தபோது வீட்டுக்காரம்மா வாசல் படியில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாப்பாவின் கையை வெயிலுக்கு நேரே பிடித்து விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனேன். நகமெல்லாம் நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. வாயைச் சுற்றியும் அந்த நிறம். குழந்தை அழவில்லை, மூச்சு மட்டும் வேகமாக வந்தது.

"கிணத்துத் தண்ணியில நான்தான் கலந்து கொடுத்தேன்" என்றார். "நாலஞ்சு நாளா. ஒண்ணும் ஆகல. இன்னிக்குத்தான்."

பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். ஆட்டோவில் ஏறினபோது அவரும் செருப்பில்லாத காலோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். இறங்கு என்று சொல்லக்கூட எனக்கு நேரமில்லை. வழியெல்லாம் அவர் குழந்தையின் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

டாக்டரம்மா பார்த்ததும் ஓடிவந்தார். ஊசிக்குழலில் ஏற்றின மருந்து மையைப் போல நீலமாக இருந்தது. நீலம் பாரித்த குழந்தைக்கு நீல மருந்தா என்று எனக்கு உயிரே போனது. மெதுவாக, ரொம்ப மெதுவாக ஏற்றினார். வீட்டுக்காரம்மா அந்த ரத்தத்தைத் தனக்குக் காட்டச் சொன்னார். டாக்டரம்மா துணியில் ஒரு சொட்டு வைத்துக் காட்டினார். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, நானும் அதே தண்ணீரைத் தினமும் குடிக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றார்.

"உங்களுக்கு ஆகாது. அதனால கொழந்தைக்கும் ஆகாதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

வீட்டுக்காரம்மா சுவரோரம் போய் நின்றுகொண்டார். பாப்பாவின் காதுமடல் முதலில் சிவந்தது. பிறகு உதடு. மாலை வரைக்கும் அவர் உட்காரவில்லை. பாப்பா பசிக்கு வீறிட்டு அழுத பிறகு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டார்.

வேலையை விட்டேன். வீட்டை உடனே மாற்ற முடியவில்லை, பார்த்துக்கொண்டிருந்தோம். பாப்பாவோடு திரும்பி வந்த மறுநாள் காலையில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் குழாய் வழக்கம்போலப் புல்லில் கிடக்கிறது, தண்ணீர் ஓடுகிறது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தவள், அவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன்.

அவர் தண்ணீரோடு கூடவே நடந்து வந்துகொண்டிருந்தார். அது நின்ற இடத்தில் நின்றார், நகர்ந்தால் நகர்ந்தார். கல்பாதையில் இறங்கி, எங்கள் சுவர் ஓரமாக வந்து, கிணற்றடியில் அது தேங்கினபோது குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். விரிசலில் விரலை வைத்தார். தண்ணீர் விரலைச் சுற்றிக்கொண்டு உள்ளே இறங்கியது. நெடுநேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு எழுந்து, பின்சுவர்த் துளையில் மிச்சம் விழுவதைப் பார்த்துவிட்டு, வெளியே போய் மோரி ஓரமாக இறங்கி நடந்தார்.

திரும்பி வந்தபோது உச்சி வெயில். புடவை ஓரம் முழுக்கப் பச்சையாக அப்பியிருந்தது. என்னிடம் பேசவில்லை. மாலையில் என் கணவர் வந்ததும் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். மோரி, மழைத்தண்ணீர் போகிற பெரிய ராஜகால்வாயில் சேருகிறது, கால்வாய் ஏரியில் சேருகிறது. வழியில் தோட்டம் வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு துளை, ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் வந்து சேர்ந்துகொண்டே போகிறது. ஏரி முனையில் தண்ணீர் பச்சைப் பெயிண்ட் கொட்டின மாதிரி கெட்டியாக இருக்கிறது, கரையில் மீன்கள் செத்து ஒதுங்கியிருக்கின்றன, மாட்டை ஓட்டி வந்தவர் அதைக் குடிக்க விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். சாக்கடையும் சேருகிறது, அது கண்ணுக்குத் தெரிகிறது, இது தெரியவில்லை என்றாராம். மோட்டார் நின்றது. அன்றைக்கு நின்றதுதான்.

விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைத்தார். மேல்வீட்டுத் தொட்டியிலிருந்து எங்களுக்குக் குழாய் இழுத்துக் கொடுத்தார். பிறகு வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. எங்கள் தண்ணீர் சுத்தமாகத்தானே ஓடுகிறது, வந்து பாருங்கள் என்றார்கள். முதலில் உங்கள் கிணற்றை மூடுங்கள் என்றார் ஒருவர். போட்டி நெருங்குகிற சமயத்தில் மற்றவர்கள் தோட்டத்தைக் கெடுக்கப் பார்க்கிறார் என்றுகூடப் பேச்சு வந்தது. கலவரத்தில் கட்டைகளோடு வந்தவர்களிடம் தலைநிமிர்ந்து நின்றவர், ஒவ்வொரு கேட்டிலிருந்தும் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருவதை நான் பார்த்தேன். எனக்கு அதில் சந்தோஷமும் இல்லை, பரிதாபமும் வரவில்லை. அவரைக் கண்டால் பாப்பாவை அணைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

மாதக் கடைசியில் போட்டி நடுவர்கள் வந்தார்கள். புல்தரை வைக்கோல் நிறமாகிக் கிடந்தது. அவர் பட்டுப்புடவை கட்டி, காபி கொடுத்து, வருஷா வருஷம் வரவேற்பது போலவே வரவேற்றார். அவர்கள் புல்லைப் பார்த்துத் திகைத்து, போர்வெல் வற்றிவிட்டதா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லி, கல்பாதை வழியாக அவர்களைக் கிணற்றடிக்குக் கூட்டி வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"மேல புல்லுக்குப் போட்டது இதுல இறங்கி ஒரு கொழந்தை வாய்க்குப் போச்சு. கொடுத்தது நான்" என்றார். "இத்தனை வருஷம் எனக்குக் கோப்பை கொடுத்தீங்க. இனிமே ஒரு தோட்டத்துக்கு மார்க் போடறதுக்கு முன்னாடி, அந்த வீட்டுத் துளையில என்ன வருது, எங்க போகுதுன்னு போய்ப் பாத்துட்டு வந்து போடுங்க."

அவர்களில் ஒருவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகினார். கோப்பை அந்த வருஷம் எதிர்வீட்டுக்குப் போனது. தெருவில் குழாய்கள் வழக்கம்போல ஓடின. எதிர்வீட்டு மருமகள் முழுகாமல் இருந்தாள் என்பதால் அங்கே மட்டும் உரம் போடுவதை நிறுத்தினார்கள். அவருடைய நடையால் நடந்தது அது ஒன்றுதான். ஏரி அதற்குப் பிறகும் பச்சையாகவே கிடந்தது. பல வருஷம் கழித்து வேலி போட்டார்கள். வேலிக்குள்ளும் பச்சைதான்.

வெயில் ஏறத் தொடங்கின சமயத்தில் ஜோகுபாளையத்தில் எங்களுக்கு வீடு அமைந்தது. சாமான்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அத்தனை நாளும் அவர் எங்கள் பக்கம் வரவில்லை, பாப்பாவைக் கேட்கவும் இல்லை. அன்றைக்குக் கேட்டருகே வந்து நின்றார். நான் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அவளோ அவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாவினாள். என் கை இறுகியது.

அந்த அம்மாள் யாரிடமும் அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை. பாம்புத் தொட்டி மூடியைத் தூக்கவும் கேட்டதில்லை, கோயிலில் சாமியைத் தொடவும் கேட்டதில்லை.

"தூக்கட்டுமா?" என்று என்னைக் கேட்டார்.

டெம்போக்காரர் ஹாரன் அடித்தார். வீட்டுக்காரம்மா கையை நீட்டாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். நான் பாப்பாவைக் கொடுத்தேன்.